பின்வரிசையில் ஒரு நாற்காலி: வால்டோர்ஃப் பள்ளிகளில் மூத்த ஆசிரியர் வழிகாட்டியாவது எப்படி?

இருபது வருடம் வகுப்பெடுத்த ஓர் ஆசிரியை. அவர் கதை சொல்ல ஆரம்பித்தால் முப்பது பிள்ளைகளும் வாயைத் திறந்தபடி கேட்பார்கள். புதிதாகச் சேர்ந்த இளம் ஆசிரியைக்குத் துணையாக யாரைப் போடலாம் என்று பள்ளியில் பேச்சு வந்தால், எல்லாரும் இவரைத்தான் கை காட்டுவார்கள். இவரும் சரி என்கிறார். ஒரு நாள் இளையவரின் வகுப்பில் போய் உட்காருகிறார். மணி அடித்ததும், "நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நானாக இருந்தால் அந்தக் கதையை வேறு மாதிரி தொடங்கியிருப்பேன்" என்கிறார். எப்படித் தொடங்கியிருப்பார் என்று இருபது நிமிடம் நடித்தே காட்டுகிறார். பிரமாதமாக இருக்கிறது. இளையவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார். மறுநாள் அதே மாதிரி தொடங்கிப் பார்க்கிறார். பிள்ளைகள் சிரித்துவிடுகிறார்கள்.

இரண்டு பேர் மேலும் தப்பில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது ஒரு வேலை. சொல்லிக்கொடுப்பவருக்குத் துணை நிற்பது முற்றிலும் இன்னொரு வேலை. முதல் வேலையில் கெட்டிக்காரராக இருப்பவருக்கு இரண்டாவதும் தானாகக் கைவந்துவிடும் என்ற நினைப்பில்தான் கோளாறு. நீச்சல் தெரிந்த எல்லாருக்கும் நீச்சல் சொல்லிக்கொடுக்கத் தெரிந்துவிடுவதில்லையே.

அதனால் இப்போது பல வால்டோர்ஃப் பள்ளிகளில் மூத்த ஆசிரியர்களுக்கே தனியாக ஒரு பயிற்சி இருக்கிறது. இளையவருக்கு வழிகாட்டியாக, மென்டராக, இருப்பது எப்படி என்று கற்றுக்கொள்ளும் பயிற்சி. அது என்ன, அதில் என்ன நடக்கிறது என்பதை இந்தக் கல்விமுறையோடு பழக்கமே இல்லாதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன்.

வால்டோர்ஃப் என்றால்

முதலில் கொஞ்சம் பின்னணி. 1919, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரம். முதல் உலகப் போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வால்டோர்ஃப் அஸ்டோரியா என்ற சிகரெட் தொழிற்சாலையை நடத்திவந்த எமில் மோல்ட், தன் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதை உருவாக்கித் தரும்படி ருடால்ஃப் ஸ்டைனர் என்ற ஆஸ்திரியத் தத்துவவாதியிடம் கேட்டார். அந்த ஆண்டு செப்டம்பரில் பள்ளி திறந்தது. பெயர் சிகரெட் கம்பெனியிலிருந்து வந்தது என்பது இன்றைக்குக் கேட்டால் சிலருக்குத் தூக்கிவாரிப்போடும்.

நம் விஷயத்துக்கு வேண்டியது அதற்கு முந்தைய சில வாரங்கள். ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 5 வரை ஸ்டைனர் அந்த முதல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். காலையில் மனித வளர்ச்சி பற்றி ஒரு சொற்பொழிவு, அடுத்துக் கற்பிக்கும் முறை பற்றி ஒன்று, மதியத்துக்கு மேல் கலந்துரையாடல். மொத்தமே இரண்டு வாரம்தான். அதோடு ஆளுக்கொரு வகுப்பை ஒப்படைத்துவிட்டார்கள். இரண்டு வாரப் பயிற்சியில் யாராவது முழு ஆசிரியராகிவிட முடியுமா? அப்புறம் நடந்ததுதான் உண்மையான பயிற்சி. ஸ்டைனர் ஸ்டுட்கார்ட்டுக்கு வரும்போதெல்லாம் வகுப்புகளுக்குள் போய்ப் பார்த்தார். ஆசிரியர் கூட்டங்களில் மணிக்கணக்காக உட்கார்ந்து குறிப்பிட்ட பிள்ளைகளைப் பற்றியும் குறிப்பிட்ட சிக்கல்களைப் பற்றியும் பேசினார். 1919க்கும் 1924க்கும் இடையில் நடந்த சுமார் 70 கூட்டங்களின் குறிப்புகள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. வழிகாட்டி என்ற பட்டம் யாரும் கொடுக்கவில்லை என்றாலும் அவர் செய்தது அந்த வேலையைத்தான்.

1925 மார்ச்சில் அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துச் சொல்வதற்குச் சக ஆசிரியர்களை விட்டால் வேறு ஆளில்லை. 1919இல் ஒரே ஒரு பள்ளி. இன்றைக்கு உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேல்.

இங்கே ஏன் கூடுதல் தேவை?

எந்தப் பள்ளியிலும் புதிய ஆசிரியருக்குக் கை கொடுக்க ஆள் வேண்டும்தான். வால்டோர்ஃபில் அந்தத் தேவை கொஞ்சம் கூடுதல். ஏன் என்று பார்த்தால் பயிற்சி ஏன் இப்படி இருக்கிறது என்பதும் விளங்கும்.

ஒன்று, இங்கே வகுப்பாசிரியர் ஒரே பிள்ளைகளோடு வருடா வருடம் கூடவே போவார். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களை எட்டாம் வகுப்பு வரை கொண்டுபோவதுதான் பழைய இலக்கணம். சில பள்ளிகள் இப்போது ஐந்தோடு அல்லது ஆறோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆக, மூன்றாம் வகுப்புப் பாடத்தைப் போன வருடம் எடுத்துப் பழகியவர் இந்த வருடமும் அதையே எடுக்கப்போவதில்லை. ஒவ்வொரு வருடமும் ஜூனிலோ செப்டம்பரிலோ, பள்ளி எப்போது திறக்கிறதோ அப்போது, அவர் மறுபடி புது ஆசிரியர்தான்.

இன்னொன்று, கீழ் வகுப்புகளில் பாடப் புத்தகம் கிடையாது. காலையில் சுமார் இரண்டு மணி நேரம் முதன்மைப் பாடம் என்று ஒன்று நடக்கும். ஒரே பாடத்தை மூன்று நான்கு வாரம் விடாமல் எடுப்பார்கள். ஆசிரியர் கதையாகச் சொல்வதை, வரைந்து காட்டுவதைப் பிள்ளைகள் தங்கள் ஏட்டில் எழுதி, வண்ணம் தீட்டி, தாங்களே தங்கள் புத்தகத்தை உண்டாக்குவார்கள். கேட்க அழகாக இருக்கிறது. முந்தின நாள் இரவு பதினொரு மணிக்கு நாளைக்கு என்ன சொல்வது என்று விழிக்கும் புது ஆசிரியரைக் கேட்டால் தெரியும் அதன் மறுபக்கம்.

அப்புறம் நிர்வாகம். மேலிருந்து உத்தரவு போடும் தலைமை ஆசிரியர் பல பள்ளிகளில் இல்லை. வாரம் ஒரு நாள் ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து முடிவெடுப்பார்கள். சுதந்திரம்தான். ஆனால் 'நான் செய்வது சரியா?' என்று கேட்க ஒரு மேசை இல்லாத சுதந்திரம்.

இன்னொரு சங்கதியையும் சொல்லிவிட வேண்டும். வால்டோர்ஃப் ஆசிரியர்களில் பலர் தங்கள் பள்ளிப்பருவத்தை வால்டோர்ஃபில் கழித்தவர்கள் இல்லை. டேன் லார்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1975இல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: ஆசிரியராகும் ஒவ்வொருவரும் அதற்கு முன்பே மாணவராக உட்கார்ந்து ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்தவர்கள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே அந்தப் பழக்கம் உள்ளே இறங்கியிருக்கும். எவ்வளவு அழகான பயிற்சி முடித்து வந்தாலும், வகுப்பு கைமீறிப் போகிற அந்த நொடியில் வாயிலிருந்து வருவது தன் பழைய வாத்தியாரின் குரல். அந்தக் குரலைக் கேட்டுத் திடுக்கிடாத புது ஆசிரியர் இருக்க முடியாது. அந்த நேரத்தில்தான் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

தெரிந்ததைச் சொல்ல முடியாத சிக்கல்

சரி, மூத்தவர்களுக்கு எல்லாம் தெரியுமே, அவர்களுக்கு எதற்குப் பயிற்சி?

எல்லாம் தெரியும் என்பதுதான் சிக்கல். மைக்கேல் போலன்யி என்ற ஹங்கேரியச் சிந்தனையாளர் 1960களில் இதை அழுத்திச் சொன்னார்: நமக்குத் தெரிந்திருப்பது நம்மால் சொல்ல முடிவதைவிட அதிகம். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவரிடம் எப்படிச் சாயாமல் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அதே மாதிரி, அந்த மூத்த ஆசிரியை வகுப்புக்குள் நுழைந்த நொடியில் மூலையில் உட்கார்ந்த பையன் இன்றைக்குச் சரியில்லை என்று உணர்ந்துவிடுகிறார், குரலைத் தாழ்த்துகிறார், கதையின் வேகத்தைக் குறைக்கிறார். இதெல்லாம் செய்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. அதனால் இளையவருக்குச் சொல்லும்போது கதையின் முதல் வரியைத்தான் சொல்ல முடிகிறது. கதை நன்றாகப் போனதற்குக் காரணம் முதல் வரி என்று அவரே நம்புகிறார்.

அதனால் சில பயிற்சிகளில் முதல் நாளே மூத்தவர்களை மறுபடி கற்றுக்குட்டிகளாக்கிவிடுவார்கள். கை பழகாத ஒன்றைக் கொடுப்பார்கள்: மூன்று பந்தை மாற்றி மாற்றி எறிந்து பிடிப்பது, எழுதாத கையால் ஒரு வடிவத்தை வரைவது, களிமண்ணை ஒரு குறிப்பிட்ட உருவத்துக்குக் கொண்டுவருவது. பக்கத்தில் ஒருவர் நின்று "கொஞ்சம் மேலே, இல்லை இல்லை, இப்படி" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருப்பார். ஐந்து நிமிடத்தில் வரும் எரிச்சல் இருக்கிறதே, அது பத்துப் பக்கக் குறிப்பைவிட நன்றாகப் பாடம் நடத்தும். அடுத்த முறை அதே ஆள் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நிற்பார். அப்போது எது உதவியது, எது தொல்லையாக இருந்தது என்று உட்கார்ந்து பேசுவார்கள்.

பயிற்சியின் வடிவம் இடத்துக்கு இடம் மாறும். விடுமுறையில் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் நடத்துகிறவர்கள் உண்டு. வருடத்தில் சில வார இறுதிகளாகப் பிரித்து, நடுவில் சொந்தப் பள்ளியில் பழகிப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் மேல். ஒரு வாரத்தில் கேட்டதெல்லாம் பள்ளி திறந்த முதல் திங்கட்கிழமையே காற்றில் போய்விடும்.

பார்க்கக் கற்பது

பயிற்சியில் பெரும்பங்கு நேரத்தை எடுத்துக்கொள்வது பார்வைதான். வால்டோர்ஃபில் இதற்கு நல்ல அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. ஸ்டைனர் இளம் வயதில் கவிஞர் கெதேயின் இயற்கை அறிவியல் எழுத்துகளைப் பதிப்பித்தவர். ஒரு செடியை விளக்க அவசரப்படாமல் இலை இலையாக, அது மாறும் வரிசையிலேயே பின்தொடர்ந்து பார்க்கும் கெதேயின் முறை இந்தப் பள்ளிகளுக்குள் வந்தது அப்படித்தான். ஆசிரியர் கூட்டங்களில் குழந்தை ஆய்வு என்று ஒன்று செய்வார்கள். ஒரே ஒரு பிள்ளையை எடுத்துக்கொண்டு, அவன் எப்படி நடக்கிறான், பென்சிலை எப்படிப் பிடிக்கிறான், குரல் எப்படி என்று ஆளுக்கொரு விவரமாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். தீர்ப்பு சொல்வது அங்கே தள்ளிவைக்கப்படும்.

வழிகாட்டிப் பயிற்சியில் அதே கண்ணைச் சக ஆசிரியர் பக்கம் திருப்பச் சொல்கிறார்கள். கேட்க எளிது. செய்து பார்த்தால் தெரியும். 'வகுப்பு சலசலப்பாக இருந்தது' என்பது தீர்ப்பு. 'ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருந்த நான்கு நிமிடத்தில் ஆறு பேர் எழுந்து நடந்தார்கள்' என்பது பார்த்தது. மூத்தவர்கள் எழுதிய குறிப்புகளை எடுத்து, தீர்ப்புச் சொற்களை எல்லாம் அடித்துவிட்டு மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்வது ஒரு வழக்கமான பயிற்சி. முதல் தடவை பெரும்பாலும் நேரமும் தேதியும்தான் மிஞ்சும்.

ஒரு கற்பனைக் காட்சி. நான்காம் வகுப்பு, பின்னங்கள் நடக்கின்றன. மூத்தவர் பின்வரிசை நாற்காலியில். அவர் நோட்டில் இருப்பது இது:

8.10. வாசலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கை குலுக்கல். மொத்தம் 26 பேர். முதல் பத்துப் பேரின் முகத்தைப் பார்த்தார். பிறகு கண் கடிகாரத்துக்குப் போய்ப் போய் வந்தது.

8.25. காலைச் செய்யுள். எல்லாரும் நின்றார்கள். ஜன்னலோரப் பெண் உதடு மட்டும் அசைத்தாள்.

8.47. "நேற்று என்ன கண்டுபிடித்தோம்?" ஏழு கைகள். ஜன்னலோரப் பெண் பாதிக் கை தூக்கினாள். ஒரு நொடிக்குள் ஆசிரியரே பதிலைச் சொல்லிவிட்டார். பாதிக் கை இறங்கியது.

9.05. காகிதத்தை மடித்துப் பாதி, கால், அரைக்கால். 9.16 வரை ஆசிரியர் ஒரு வார்த்தை பேசவில்லை. வகுப்பில் காகிதச் சத்தம் மட்டும்.

இதில் எங்கேயும் நல்லது, கெட்டது இல்லை. ஆனால் பேச வேண்டியது எல்லாம் இருக்கிறது. வெறும் நோட்டுதான், இருந்தாலும் இதை எழுத மூத்தவருக்கு ஒரு வருடப் பழக்கம் தேவைப்பட்டிருக்கும்.

பேச்சில் அடங்கக் கற்பது

வகுப்பைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு பேச்சு, பார்ப்பது, பார்த்ததை அடுக்கிக்கொள்வது, அப்புறம் ஒரு பேச்சு. இந்தச் சுற்று வால்டோர்ஃபின் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பயிற்சியில் இருந்த மாரிஸ் கோகன், ராபர்ட் கோல்டுஹாமர் போன்றவர்கள் 1950களிலும் 60களிலும் உருவாக்கிய முறை. இன்று உலகெங்கும் பல பள்ளிகளில் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கிறது. வால்டோர்ஃப் பள்ளிகளும் எடுத்துக்கொண்டன.

முதல் பேச்சு சின்னது. 'நாளைக்கு நான் வரும்போது எதைப் பார்க்கட்டும்?' என்று இளையவரிடம் கேட்பதுதான் அதன் உயிர். எதைப் பார்ப்பது என்று தீர்மானிப்பது வகுப்புக்குச் சொந்தக்காரர். இதை மட்டும் ஒழுங்காகச் செய்தால் பாதிப் பயம் போய்விடும்.

பின்னால் நடக்கும் பேச்சு கடினம். அதை எப்போது வைப்பது என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு. சூட்டோடு சூடாக அன்றைக்கே பேசிவிடலாம் என்பார்கள் சிலர். வால்டோர்ஃப் வகுப்பறையில் வேறொரு பழக்கம் இருக்கிறது: இன்று சொன்ன கதையை இன்றே கேள்வி கேட்டுக் கசக்க மாட்டார்கள். பிள்ளைகள் ஒரு இரவு தூங்கி எழுந்து வரட்டும், மறுநாள் எது மிஞ்சியிருக்கிறது என்று நினைவுகூரச் சொல்வார்கள். பெரியவர்களுக்கும் அது பொருந்தும் என்பது என் எண்ணம். அன்றைக்குப் போகும்போது நன்றி சொல்லிவிட்டு, நிஜமாகவே மனதில் நின்ற ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம். மிச்சம் மறுநாள். ஒன்றுமே சொல்லாமல் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு போய்விடாதீர்கள். இளையவருக்கு அன்று இரவு தூக்கம் வராது.

மறுநாள் பேச்சில் ஒரு துண்டு:

"எந்த நேரத்தில் வகுப்பு உங்களோடு இருந்தது?"

"எங்கேயும் இல்லை. கத்திக்கொண்டேதான் இருந்தேன்."

மூத்தவர் நோட்டைத் திருப்பி வைக்கிறார். "9.05லிருந்து 9.16 வரை நீங்கள் பேசவே இல்லை. அப்போது என்ன நடந்தது?"

கொஞ்சம் மௌனம்.

"மடித்துக்கொண்டிருந்தார்கள். யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன்."

"பிள்ளைகள்?"

"அவர்கள்..." நீண்ட மௌனம். "அவர்கள் பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தார்கள். நான் இல்லாமலே."

இங்கே மூத்தவர் செய்த பெரிய காரியம், அந்த நீண்ட மௌனத்தில் வாயைத் திறக்காமல் இருந்தது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் ஆசிரியர்களின் கேள்விகளைக் கடிகாரம் வைத்து அளந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் பொதுவாகக் காத்திருந்தது ஒரு நொடி அளவுக்குத்தான். அதை மூன்று நொடிக்கு நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். ஜன்னலோரப் பெண்ணின் பாதிக் கை நினைவிருக்கிறதா? அவள் விஷயத்தில் இளையவர் செய்த அதே அவசரத்தை இளையவர் விஷயத்தில் மூத்தவர் செய்துவிடக் கூடாது. பயிற்சியில் இந்தப் பேச்சுகளை மூவர் மூவராகப் பிரித்துப் பழகுவார்கள். ஒருவர் வழிகாட்டி, ஒருவர் இளையவர், மூன்றாமவர் சும்மா கேட்பவர். யார் எவ்வளவு நேரம் பேசினார் என்று அந்த மூன்றாமவர் கணக்கு வைப்பார். வழிகாட்டி முக்கால்வாசி நேரம் பேசியிருக்கிறார் என்று தெரியும்போது அறையில் ஒரு சங்கடமான சிரிப்பு எழும்.

அப்படியானால் ஆலோசனையே சொல்லக் கூடாதா? சொல்லலாம். சில நேரம் சொல்லியே ஆக வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் கரும்பலகை தெரியாமல் உட்கார்ந்திருந்தால் 'இதைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது?' என்று கேட்டுக்கொண்டிருப்பது கேலிக்கூத்து. 'மேசைகளைத் திருப்பிப் போடுங்கள்' என்று சொல்லிவிட வேண்டியதுதான். புதிதாக வந்தவருக்கு முதல் மாதத்தில் கேள்விகளைவிடக் கைப்பிடிதான் வேண்டும்: ஏடுகள் எங்கே இருக்கும், பெற்றோர் கூட்டத்தை எப்படித் தொடங்குவது, முதல் வாரத்துக்கு என்ன பாட்டு. இரண்டாம் வருடத்தில் அதே ஆளுக்கு அதே உதவி சுமையாகிவிடும். எப்போது கையைப் பிடிப்பது, எப்போது விடுவது என்பதைக் கண்டுகொள்வதுதான் கைப்பக்குவம்.

மதிப்பெண் போடுபவர் வேறு, துணை நிற்பவர் வேறு

இதில் மட்டும் எந்தச் சமரசமும் கூடாது. இளையவரின் வேலை நிரந்தரமாகுமா ஆகாதா என்று தீர்மானிக்கும் ஆள் அவருக்கு வழிகாட்டியாக இருக்கக் கூடாது. மதிப்பீடு தேவைதான். ஆனால் அதை வேறொருவர் செய்யட்டும். தன் பலவீனத்தைச் சொன்னால் அது அறிக்கையில் ஏறும் என்று தெரிந்த பிறகு யார் வாய் திறப்பார்கள்?

சின்னப் பள்ளிகளில் ஆள் பற்றாக்குறையால் இரண்டு தொப்பியும் ஒரே தலையில் ஏறுவது உண்டு. அப்படி ஆனால் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒருவரை வரவழைப்பது நல்லது. அதுவும் முடியாவிட்டால், இன்றைக்கு எந்த வேலையாக வந்திருக்கிறேன் என்பதை வாயைத் திறந்து முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பேசியது வெளியே போகாது என்பதற்கும் ஒரு எல்லை உண்டு. பிள்ளைக்கு அடி, அவமானம், ஆபத்து என்று ஏதாவது கண்ணில் பட்டால் ரகசியம் அங்கேயே முடிந்தது. இதை முதல் சந்திப்பிலேயே இருவரும் பேசி, முடிந்தால் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வார்கள். எத்தனை முறை சந்திப்போம், எவ்வளவு காலம், யாரிடம் என்ன சொல்லலாம், ஒத்துவரவில்லை என்றால் எப்படி விலகுவது என்று அதே தாளில் இருக்கும். கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு நல்ல மனிதர்களுக்கு இடையேகூட ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

'ஸ்டைனர் சொல்லியிருக்கிறார்'

வால்டோர்ஃபுக்கே உரிய ஒரு பள்ளம் இது. இளையவர் ஒரு கேள்வி கேட்பார். மூத்தவருக்கு விடை தெரியாது, அல்லது விடை சொல்லச் சோம்பல். உடனே "ஸ்டைனர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்" என்று வந்து விழும். பேச்சு அங்கே செத்துப்போகும். நூறு வருடத்துக்கு முன் ஒரு குறிப்பிட்ட பள்ளியில் குறிப்பிட்ட பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னதை, இன்றைய வகுப்பில் உத்தரவாக நீட்டுவது வழிகாட்டுதல் ஆகாது.

குணவகைகளும் அப்படித்தான். பிள்ளைகளைச் சூடானவர், துள்ளலானவர், ஆழமானவர், நிதானமானவர் என்று நான்காகப் பார்க்கும் பழைய கிரேக்க மருத்துவ எண்ணத்தை ஸ்டைனர் எடுத்துக்கொண்டார். இன்றைய உளவியல் அதை ஏற்பதில்லை. வால்டோர்ஃப் ஆசிரியர்கள் பலர் அதைப் பார்வைக்கு ஒரு துணையாக இன்னும் வைத்திருக்கிறார்கள். பார்க்க உதவினால் சரி. "அவன் அந்த வகை, அப்படித்தான் இருப்பான்" என்று முத்திரை குத்தினால் பார்ப்பது அங்கேயே நின்றுவிடும். அந்த முத்திரையை இளையவருக்குக் கைமாற்றாமல் இருப்பது மூத்தவரின் பொறுப்பு. அதோடு, இளையவர் இந்தக் கொள்கைகளையே சந்தேகித்துக் கேட்டால் கோபித்துக்கொள்ளாமல் உட்கார்ந்து கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்டைனரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நல்ல சரக்கும் இருக்கிறது. அவர் பெரியவர்களுக்குச் சொன்ன ஆறு மனப்பயிற்சிகளில் இரண்டு வழிகாட்டிகளுக்கென்றே செய்தது மாதிரி இருக்கும். ஒன்று, முன்முடிவு இல்லாமல் கேட்பது. மற்றது, எதிலும் உள்ள நல்லதைக் காண்பது. இரண்டாவதற்கு அவர் ஒரு பழைய பாரசீகக் கதையைச் சொல்வார்: வழியில் ஒரு நாய் செத்து அழுகிக் கிடக்கிறது. எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இயேசு மட்டும் நின்று பார்த்து, அதன் பற்கள் எவ்வளவு அழகு என்கிறார். நாற்றம் இல்லை என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். இளையவரின் வகுப்பு தாறுமாறாகப் போன நாளில் "எல்லாம் அருமை" என்று முதுகில் தட்டுவது இந்தப் பயிற்சியில் சேராது. காகிதச் சத்தம் மட்டும் கேட்ட அந்தப் பதினொரு நிமிடத்தைக் கண்டெடுப்பதுதான் சேரும்.

நேரம் எங்கே?

நடைமுறையில் இந்த ஏற்பாடுகள் பெரும்பாலும் கவிழ்வது கொள்கையால் இல்லை, கால அட்டவணையால்தான். மூத்தவருக்கும் காலையில் சொந்த முதன்மைப் பாடம் இருக்கும். அதே நேரத்தில்தான் இளையவருக்கும். அப்படியானால் யார் யாரைப் போய்ப் பார்ப்பது? மூத்தவரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் போட வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். வாரத்தில் ஒரு பிரிவேளையாவது இருவருக்கும் சேர்ந்தாற்போல் காலியாக இருக்க வேண்டும். இதைப் பள்ளி முதலிலேயே ஒதுக்காமல் 'நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்' என்றால் நேரம் கிடைக்கவே கிடைக்காது. நடைபாதையில் எதிரில் பார்த்து "எப்படிப் போகிறது?" "போகிறது" என்பதோடு சரி.

சில பள்ளிகளில், எட்டாம் வகுப்பை முடித்தனுப்பிய ஆசிரியர் அடுத்த ஒன்றாம் வகுப்பை எடுக்கும் முன் ஒரு வருடம் சற்று ஓய்வாக இருப்பார். அந்த வருடத்தில் வழிகாட்டி வேலையைக் கொடுப்பது புத்திசாலித்தனம். எட்டு வருடம் ஒரே பிள்ளைகளைப் பார்த்த கண் அப்போதுதான் வேறு வகுப்பைப் பார்க்கத் தோதாக இருக்கும். ஓய்வுபெற்றவர்களும் நல்ல துணை, அவர்கள் தங்கள் காலத்துக் கதைகளை அளவோடு வைத்துக்கொண்டால்.

மூத்தவர்களுக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று கேட்பார்கள். பிறர் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்தவர் தன் வகுப்புக்குத் திரும்பும்போது முதலில் கவனிப்பது தன் குரலைத்தான். தான் எத்தனை நொடி காத்திருக்கிறோம் என்று உள்ளுக்குள் எண்ணத் தொடங்கிவிடுவார். சிலர் இளையவரையே அழைத்துத் தங்கள் வகுப்பில் உட்காரவைத்துக் குறிப்பெடுக்கச் சொல்வார்கள். அந்தக் குறிப்பைப் படிக்கும்போது மூத்தவரின் முகம் போகிற போக்கு பார்க்கத்தக்கது.

வருடக் கடைசியில் ஒப்புக்கொண்ட காலம் முடிந்ததும் கடைசியாக ஒருமுறை உட்கார்ந்து பேசுவார்கள். அப்போது மூத்தவர் அந்த நோட்டை இளையவரிடமே கொடுத்துவிடுவது நல்ல வழக்கம். ஜன்னலோரப் பெண்ணும் கடிகாரத்துக்குப் போய் வந்த கண்ணும் காகிதச் சத்தமும் அதில் இருக்கும். நகல் எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது, அலுவலகக் கோப்பிலும் போகக் கூடாது. நோட்டில் பின்பக்கம் கொஞ்சம் காலியாக இருந்தால் அதுவும் இளையவருக்கே. இரண்டு மூன்று வருடம் கழித்து அவரும் யாருடைய வகுப்பிலாவது பின்வரிசையில் போய் உட்காரும் நாள் வரும். அப்போது எழுதத் தாள் வேண்டுமே.